வைலுவா நதிக்கரையில் இறைவன் கோயில்

ஹவாய்த் தீவுக்கூட்டத்தின் பெரிய தீவுகளுள் வடகோடியில் இருப்பது கவாய். அதன் நடுவே ஐயாயிரம் அடிக்கும் மேல் உயர்ந்து நிற்கிறது வையலேயலே சிகரம். உலகிலேயே மிகுதியாக மழை பொழியும் இடங்களுள் அதுவும் ஒன்று. அந்த மழைநீரே வைலுவா நதியாக இறங்கிக் கிழக்குக் கடலில் கலக்கிறது. அந்நதியை ஒட்டிய நிலப்பகுதி மாநிலப் பூங்காவாகப் பாதுகாக்கப்படுகிறது. வார இறுதியில் மலையேறவும் படகு செலுத்தவும் அருவி காணவும் குடும்பங்கள் இங்கு வருகின்றன. அமெரிக்காவில் பிள்ளைகளுடன் சில காலம் தங்கச் செல்லும் நம் பெரியவர்களுக்கோ இந்நதிக்கரையில் வேறொரு ஈர்ப்பும் உண்டு. மேற்கே சற்றுத் தொலைவில், அதே நதியின் கரையில் சிவபெருமான் எழுந்தருளியிருக்கிறார்.

ஆயினும் அச்சந்நிதிக்கு விரையுமுன் பூங்காவில் சிறிது நின்று செல்லுதல் தகும். ஏனெனில் இது முன்பே புண்ணிய பூமி. ஹவாய் மக்களின் முன்னோர் கடற்கரை தொடங்கி நதியைத் தொடர்ந்து மலை நோக்கி வரிசையாக வழிபாட்டிடங்களை அமைத்தனர். அவற்றை ‘ஹெய்யாவு’ என்பர். கடலோரத்தில் உள்ளதன் பெயருக்குச் சூரியோதயம் என்பது பொருள். கோபுரமும் விமானமும் இங்கில்லை. சாந்து பூசாமல் அடுக்கிய எரிமலைக் கற்சுவர்களே எஞ்சியுள்ளன. ஓரிடத்தில் ஒரு பாறை இருக்கிறது. அரச குலத்துப் பெண்கள் அதனருகே வந்தே மகவு ஈன்றனர். குழந்தையின் தொப்புள்கொடியைப் பக்கத்துப் பாறையில் வைக்கும் வழக்கமும் இருந்தது. 1819-ஆம் ஆண்டில் அரசரே பழைய வழிபாட்டு முறையை விலக்கிவிட, இவை பேணுவாரற்றுப் போயின. ஆனால் அம்மக்களின் பக்தி அற்றுப்போகவில்லை.

நம்மவர் கவனிக்க வேண்டியது இதுதான். கல்லைக் கண்டதும் குங்குமம் இடவும், பூ வைக்கவும், கற்பூரம் ஏற்றவும் கை தானாகவே நீளும். அன்பினால் செய்வதே எனினும் இங்கு அது கூடாது. சுவர்மீது ஏறுதலும், கற்களை நகர்த்துதலும், நினைவுக்கென ஒன்றை எடுத்து வருதலும் கூடாது. கைகூப்பி வணங்கி நகர்வதே முறை. நம் கோயில் மூலவரை அயலார் ஒருவர் தொட்டால் நமக்கு எப்படியிருக்கும்?

நடக்க வல்லவர்கள் அருகிலுள்ள ‘உறங்கும் பூதம்’ என்னும் குன்றில் ஏறலாம். மழை பெய்தால் அதன் செம்மண் பாதை வழுக்கும். சிறு படகில் நதியேறிச் சென்று, பின் காட்டுவழியே நடந்து உலுவேஹி அருவியை அடைவோரும் உண்டு. கீழே வெயில் காயும்போதே மலைமேல் பெய்த மழையால் வெள்ளம் திடீரெனப் பெருகும். ஆகவே வானிலை அறியாமல் பேரக்குழந்தைகளை நீரில் இறங்க விடலாகாது. முழங்கால் வலியுள்ள முதியோர்க்குக் குறையொன்றுமில்லை. ஓபைகா அருவியையும் வைலுவா அருவியையும் சாலையோரத்திலிருந்தே காணலாம்.

நதிக்கரையில் அமைந்த கவாய் ஆதீனத்தை 1970-இல் நிறுவியவர் சிவாய சுப்பிரமுனியசுவாமி. கலிபோர்னியாவில் பிறந்த இவர் 1949-இல் யாழ்ப்பாணம் சென்று, கொழும்புத்துறை யோகர்சுவாமியைக் கண்டு ஆட்கொள்ளப்பட்டார். விடைபெறும் வேளையில் குருநாதர் இவர் முதுகில் ஓங்கி அறைந்தார் என்றும், அதுவே தீட்சையாயிற்று என்றும் கூறுவர்.

அவர் எண்ணிய ஆலயத்தின் பெயர் ‘இறைவன் கோயில்’. வை. கணபதி ஸ்தபதி வகுத்த அமைப்பின்படி, 1990 முதல் பெங்களூருக்கு அருகே சிற்பிகள் கருங்கற்களைச் சுத்தியலும் உளியும் கொண்டே செதுக்கினர். அவை கப்பலேறிக் கடல் கடந்தன. மூலவர் முந்நூறு கிலோவுக்கும் மேற்பட்ட எடையுள்ள ஸ்படிக லிங்கம். மண்ணிலிருந்து கிடைத்த வடிவிலேயே, உளி படாமல் திகழ்கிறது.

திருப்பணி நடந்துகொண்டிருக்கையிலேயே 2001-இல் சுவாமிகள் சிவபதம் எய்தினார். கும்பாபிஷேகம் 2023 மார்ச்சில்தான் நிறைவேறியது. தொடங்கியவர் காணாத கோபுரத்தை, அவருடைய சீடர்கள் இருபத்தோராண்டுகளுக்கு மேல் பொறுத்திருந்து எழுப்பினர்.

இது துறவியர் வாழும் மடம். காலைப்பொழுதில் மட்டுமே அன்பர்களுக்கு அனுமதி. எனவே ஆதீனத்தில் முதலில் தரிசனம் முடித்துப் பிற்பகலில் பூங்காவுக்கு இறங்குவது நலம். குடை மறவாமல் எடுத்துச் செல்க. அங்கு மழை சொல்லிக்கொண்டு வருவதில்லை.