கென்ட்டுக்கு முன்னால் யார்?

சான் பிரான்சிஸ்கோவைச் சுற்றியிருந்த ரெட்வுட் காடுகளில் பெரும்பாலானவை பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே பலகைகளாகி ஊருக்குள் போய்விட்டன. அப்படியிருக்க, கோல்டன் கேட் பாலத்துக்கு வடக்கே சுமார் இருபது கிலோமீட்டரில் ஒரு பள்ளத்தாக்கில் ஐந்நூறு, எண்ணூறு வயது மரங்கள் வெட்டுப்படாமல் நிற்பது எப்படி? அந்தப் பள்ளத்தாக்கான மியூர் வுட்ஸுக்குள் நடந்தபோது எனக்கு எழுந்த கேள்வி இதுதான்.

விடையில் பாதி கால்களுக்குத்தான் முதலில் தெரிந்தது. ரெட்வுட் க்ரீக் ஓடையை ஒட்டிய பாதை சமதரை, குழந்தைகள்கூட ஓடுவார்கள். ஆனால் அதைத் தாண்டி பென் ஜான்சன் பாதையில் ஏறினால் மூச்சு வாங்கும். இருபுறமும் செங்குத்துச் சரிவு. ஓடை கடலில் சேரும் இடத்திலும் பெரிய கப்பல்கள் வந்து நிற்கத் துறைமுகம் கிடையாது. வெட்டினாலும் மரத்தை வெளியே கொண்டுபோக வழியில்லை. அதே பள்ளம் மரங்களை வளர்க்கவும் செய்கிறது: மழை அரிதான கோடையில் பசிபிக்கிலிருந்து இந்தப் பள்ளத்துக்குள் புகும் மூடுபனி மரங்களுக்குத் தண்ணீர் தருகிறது. கரையோர ரெட்வுட்டுக்குக் கிடைக்கும் ஆண்டு நீரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மூடுபனியிலிருந்து வருவது என்கிறார்கள் ஆய்வாளர்கள். தாய்மரம் எரிந்தாலோ சாய்ந்தாலோ, அடியிலிருந்து வாழையடி வாழையாகக் கன்றுகள் வட்டமாகக் கிளம்புகின்றன.

ஆனால் 1896இல் அருகிலுள்ள டமால்பைஸ் மலைக்கு ரயில் வந்தது. அதற்குப் பிறகு சரிவு மட்டும் காவலாக இருந்திருக்க முடியாது. மீதி விடையை ஏடுகளில்தான் தேட வேண்டியிருந்தது.

வழக்கமாகச் சொல்லப்படும் கதை எளிது. வில்லியம் கென்ட் என்ற செல்வந்தர் 1905இல் 611 ஏக்கரை 45,000 டாலருக்கு வாங்கினார். 1907இல் ஒரு தண்ணீர் கம்பெனி, ஓடையில் அணை கட்ட நில ஆர்ஜித வழக்குப் போட்டது. கென்ட் 295 ஏக்கரை மத்திய அரசுக்குத் தானமாக எழுதிக்கொடுத்தார். அரசின் நிலத்தைக் கம்பெனி ஆர்ஜிதம் செய்ய முடியாது. 1908 ஜனவரி 9 அன்று ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் அதைத் தேசிய நினைவுச்சின்னமாக அறிவித்தார். அதற்குப் பயன்பட்ட 1906ஆம் ஆண்டுச் சட்டம், பூர்வகுடிகளின் தொல்லிடங்களைக் கொள்ளையிலிருந்து காக்கவே முதன்மையாக இயற்றப்பட்டது! கென்ட்டின் பெயரை வைக்கலாம் என்றார் ரூஸ்வெல்ட். கென்ட் மறுத்து, இயற்கை ஆர்வலர் ஜான் மியூரின் பெயரே இருக்கட்டும் என்றார். வாங்கியதிலும் வழக்கிலும் மியூருக்குப் பங்கில்லை.

கெட்டிக்காரத்தனமான காரியம்தான். ஆனால் வாங்கத் தூண்டியது யார்? 1904லேயே கலிபோர்னியா கிளப் என்ற பெண்கள் அமைப்பு இந்தக் காட்டைக் காக்க இயக்கம் நடத்தியிருக்கிறது. முன்னின்றவர் லாரா வைட். அந்த நிலத்தை வைத்திருந்த கம்பெனியின் தலைவர் அவருடைய கணவர் லவெல் வைட். நிலத்தை வாங்கச் சொல்லிக் கென்ட்டிடம் கேட்டவரும் லவெல்தான். 1908 அறிவிப்பிலும் கொடையாளர்கள் இருவர்: வில்லியம் கென்ட், அவர் மனைவி எலிசபெத். கதை சொல்லும்போது இந்தப் பெண்கள் இருவரும் எப்படியோ உதிர்ந்துவிடுகிறார்கள். பல நூற்றாண்டுகளாக இந்த நிலத்தைத் தீயிட்டுப் பராமரித்த பூர்வகுடிகளான கோஸ்ட் மிவோக் மக்களோ கதைக்குள் நுழைவதே அபூர்வம்.

இன்னொன்றும் கிடைத்தது, எனக்கு உறைக்கும்படி. மரங்களைக் காத்த கென்ட், அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினராக இருந்தபோது ஆசியர்களுக்கு எதிரான கொள்கைகளை ஆதரித்தவர். அவர் விருப்பப்படி நடந்திருந்தால் என்னைப் போன்றவர்கள் இந்தப் பாதையில் நடக்கவே வந்திருக்க மாட்டோம். மரங்களுக்காக அவருக்கு நன்றி சொல்கிறேன்; அதற்கு மேல் இல்லை. வேடிக்கை என்னவென்றால், கென்ட் வாங்குவதற்கு முன்பு, 1892இல் சான் பிரான்சிஸ்கோவின் போஹீமியன் கிளப்காரர்கள் தங்கள் கோடைக் கொண்டாட்டத்துக்காக இதே காட்டில் ஜப்பானின் காமகுரா புத்தரைச் சுமார் எழுபது அடி உயரத்தில் செய்து நிறுத்தியிருந்தார்கள்.

பெண்கள், கோஸ்ட் மிவோக் மக்கள், கென்ட்டின் கொள்கைகள் பற்றி விடுபட்ட செய்திகளைப் பூங்கா ஊழியர்கள் 2021இல் மஞ்சள் துண்டுகளாக அச்சிட்டு, பாதையோர வரலாற்றுப் பலகையின் மேலேயே ஒட்டினார்கள். பழைய வாசகத்தை அழிக்காமல் திருத்தியது நேர்மையான முறை. 2025 ஜூலையில் அந்தத் துண்டுகள் அகற்றப்பட்டன.

போக விரும்புகிறவர்கள் கார் நிறுத்தத்துக்கு முன்பதிவு செய்துகொள்ளுங்கள். பள்ளத்தாக்குக்குள் கைபேசிக்குச் சிக்னல் கிடைக்காது. ஆகவே லாரா வைட்டைப் பற்றி வீட்டிலேயே படித்துவிட்டுப் போங்கள்.