தேதி சொல்லும் சங்கீதம்

டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்து புத்தாண்டு பிறந்ததும் எங்கள் பக்கத்துச் சபைகளில் வாக்குத்தத்த அட்டை எடுப்பார்கள். தட்டில் கவிழ்த்து வைத்திருக்கும் அட்டைகளில் ஒன்றை எடுத்து, அதில் வருகிற வசனத்தை அந்த ஆண்டுக்கான தேவ வார்த்தையாக வைத்துக்கொள்வது வழக்கம். என் வீட்டு அலமாரியிலும் ஒன்று ஒட்டியிருக்கிறது. அப்படி வந்த ஒரு வசனத்தைப் பிடித்துக்கொண்டு கடினமான ஆண்டுகளைக் கடந்தவர்களை நான் அறிவேன். ஆனாலும் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். தேவன் தம் முகத்தை மறைத்துக்கொண்டார் என்று முறையிடுகிற வசனத்தை யாரும் அட்டையில் அச்சடிப்பதில்லை. இனிய வசனங்களை மட்டுமே உண்டு வளர்ந்த விசுவாசம் துன்பம் வரும்போது வாயடைத்துப் போகிறது. சபையில் வேதபாட வகுப்பு நடத்துகிறவன் என்ற முறையில் மருத்துவமனைக் கட்டில்களின் பக்கத்தில் பலமுறை நின்றிருக்கிறேன். 'எப்படி ஜெபிப்பது என்றே தெரியவில்லை' என்று அங்கே சொன்னவர்களில் பெரும்பாலோர் பிறவியிலேயே கிறிஸ்தவர்கள், ஞாயிறு தவறாமல் கோயிலுக்கு வருகிறவர்கள்.

எனக்குக் கைகொடுத்தது மிகப் பழைய ஒழுங்கு ஒன்று. நூற்றைம்பது சங்கீதங்களையும் முப்பது நாட்களில், காலையும் மாலையுமாக ஜெபித்து முடிப்பது. அடுத்த மாதம் முதல் தேதி மறுபடி முதலாம் சங்கீதத்தில் தொடங்குவது.

ஆறாம் நூற்றாண்டில் பெனடிக்ட் தம் மடத்துத் துறவிகளுக்கு எழுதிய ஒழுங்கில் சங்கீதங்கள் முழுவதும் ஒரே வாரத்தில் பாடப்பட்டன. வயலுக்கும் கடைக்கும் போகிறவர்களால் அது ஆகிற காரியமா? 1549இல் இங்கிலாந்தில் வெளியான பொது ஜெபப் புத்தகத்தில் தாமஸ் கிரான்மர், நாளெல்லாம் பரவிக் கிடந்த மடத்து வேளைகளைக் காலை ஜெபம், மாலை ஜெபம் என இரண்டாகச் சுருக்கி, சங்கீதங்களை ஒரு மாதத்துக்குப் பகிர்ந்தார். ஆங்கிலிக்கன் மிஷனெரிகள் வழியாக அந்த ஒழுங்கு திருநெல்வேலிச் சீமைக்கு வந்தது. சங்கீதங்கள் தமிழில் அச்சேறியதோ அதற்கும் முந்திய கதை. தரங்கம்பாடியில் மிஷனெரி சீகன்பால்கு 1719இல் மரித்தபோது பழைய ஏற்பாட்டை ரூத் வரைதான் தமிழாக்கியிருந்தார். மீதியை முடித்துச் சங்கீதங்களையும் நம் கையில் தந்தவர் பெஞ்சமின் சூல்ட்ச். தமிழில் ஜெபிக்க அமரும் ஒவ்வொரு காலையிலும் இவர்களுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

முறை எளிது. முதல் தேதி காலையில் 1 முதல் 5 வரை, மாலையில் 6 முதல் 8 வரை. இப்படியே போய் முப்பதாம் தேதி மாலை 147 முதல் 150 வரை. மாதத்துக்கு 31 நாள் இருந்தால் முப்பதாம் நாளின் பகுதியையே மறுநாளும் வாசிக்கலாம். ஒரு வேளைக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் போதும். பதினைந்தாம் தேதி மாலை மட்டும் சற்று நீளம். 72 வசனங்கள் கொண்ட 78ஆம் சங்கீதம் அன்று வரும். 176 வசனமுள்ள 119ஆம் சங்கீதத்தை 24ஆம் தேதி மாலை தொடங்கி 26 மாலை வரை ஐந்து வேளைகளாகப் பிரித்திருக்கிறார்கள்.

இந்த ஒழுங்கில் எசமான் தேதிதான். பயணத்தாலோ காய்ச்சலாலோ மூன்று நாள் விட்டுப்போனால் அந்தப் பகுதிகளைச் சேர்த்து வாசித்து ஈடுகட்ட வேண்டாம். இன்று 19ஆம் தேதியா, 95ஆம் சங்கீதத்தைத் திறங்கள். விட்டது அடுத்த மாதம் தானே வந்து சேரும். வருஷத்தில் வேதத்தை முடிக்கும் அட்டவணைகளைத் தொடங்கிய பலர் லேவியராகமத்துக்குள்ளேயே நின்றுவிடுவது ஏன்? விட்டுப்போன அதிகாரங்கள் கடன்போல் ஏறிக்கொண்டே போகின்றன. கடைசியில் கடன்காரனைப் பார்த்து ஒளிவதுபோல வேதப்புத்தகத்தைப் பார்த்து ஒளிகிறோம். கிருபையால் பிழைக்கிறோம் என்று அறிக்கையிடுகிறவர்களுக்கு வாசிப்பில் மட்டும் கணக்குத் தீர்ப்பது எதற்கு?

வாய்விட்டு வாசியுங்கள். கண் மட்டும் ஓடினால் பழகிய வசனங்களை மனம் தாண்டிப் போய்விடும்; நாவு தாண்டாது. காலையில் தனியாகச் சன்னக் குரலில் வாசிக்கிறேன், கைப்பேசியைத் தொடுவதற்கு முன்னால். மாலைப் பகுதி குடும்ப ஜெபத்தோடு சேர்ந்துவிடும். கோயிலில் செய்வதுபோல் ஒரு வசனம் நான், மறுவசனம் வீட்டார் என்று மாறிமாறி வாசிப்போம். எழுத்துக்கூட்டி வாசிக்கிற பேத்திக்கும் ஒரு வசனம் உண்டு. அவள் முடிக்கும்வரை யாரும் அவசரப்படுவதில்லை.

இனிச் சொல்லப்போவதுதான் இந்த ஒழுங்கின் உயிர். தேதி கொண்டுவருகிற சங்கீதம் பெரும்பாலும் நம் மனநிலைக்குப் பொருந்தாது. ஒவ்வொரு மாதமும் 17ஆம் தேதி காலையில் 88ஆம் சங்கீதம் வருகிறது. மற்றப் புலம்பல்களில் எங்காவது ஒரு நம்பிக்கைத் திருப்பம் இருக்கும். ஏமானுடைய இந்தப் பாட்டு இருளில் தொடங்கி இருளிலேயே முடிகிறது. மகளுக்கு வேலை கிடைத்த சந்தோஷத்தில் இருக்கும் ஒருவர் அன்று காலை இதை எப்படி ஜெபிப்பது? தமக்காக அல்ல, வேறொருவருக்காக. சபையில் இதே காலையில் இருளில் கிடக்கிற ஒருவர் நிச்சயம் இருப்பார். அவர் பெயரை மனதில் ஏந்தி, அவர் இடத்தில் நின்று அதைச் சொல்ல வேண்டும். இது பழகப் பழக ஜெபம் நம் வீட்டுச் சுவரைத் தாண்டிப் போகிறது. எனக்கு, என் பிள்ளைக்கு, என் வியாதிக்கு என்று சுற்றிக்கொண்டிருந்த மனுஷன், தெருக்கோடியில் கணவனை இழந்த பெண்ணின் கண்ணீரைத் தன் வாயால் சொல்லத் தொடங்குகிறான்.

மறுபக்கமும் நடந்தது. என் தாயார் கர்த்தருக்குள் நித்திரையடைந்த நாளின் மாலைப் பகுதியில் துதி மட்டுமே நிறைந்த சங்கீதங்கள் வந்தன. அடக்க ஆராதனை முடிந்து உறவினர் திண்ணையில் அமர்ந்திருந்தார்கள். எனக்கு வாய் எழவில்லை. மனைவி புத்தகத்தை வாங்கி வாசித்தாள், நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அன்று என்னிடம் துதி இல்லை. ஆனால் சபையிடம் இருந்தது, என் வீட்டாரிடம் இருந்தது, அது என்னைச் சுமந்தது. உணர்ச்சி வந்தால் ஜெபிப்போம் என்று அன்று விட்டிருந்தால் மாதக்கணக்கில் ஜெபித்திருக்க மாட்டேன்.

பகைவரைச் சபிக்கும் சங்கீதங்களை என்ன செய்வது என்று வகுப்பில் கேட்காத ஆண்டில்லை. 22ஆம் தேதி மாலை 109ஆம் சங்கீதமும் 28ஆம் தேதி மாலை 137ஆம் சங்கீதமும் வரும். கத்தோலிக்கத் திருச்சபை 1971இல் வெளியிட்ட திருத்திய ஜெப ஒழுங்கில் 58, 83, 109 ஆகிய மூன்றையும் விட்டுவிட்டார்கள். அதற்கான காரணம் எனக்குப் புரிகிறது. இருந்தாலும் நான் விடுவதில்லை. கொடுமைக்கு ஆளானவனின் கோபம் கத்தியைத் தேடாமல் தேவனுடைய நியாயாசனத்தைத் தேடிப் போவதை அங்கேதான் கற்கிறேன். பழிவாங்கும் உரிமையை அவர் கையில் ஒப்படைத்துவிட்ட ஒருவனுடைய ஜெபம் அது. பகைவரை மன்னிக்கச் சொன்ன இயேசுவும் சிலுவையில் 22ஆம் சங்கீதத்தைத்தான் தம் வாயில் எடுத்தார்.

ஜெர்மானியப் போதகர் தீத்ரிக் போன்ஹோஃபர் 1940இல் சங்கீதங்களைப் பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். அவர் உயிரோடிருந்தபோது வெளியான கடைசி நூல் அதுதான். 1943 ஏப்ரலில் ஹிட்லரின் அரசு அவரைக் கைதுசெய்து பெர்லினில் தேகல் சிறையில் அடைத்தது. பல ஆண்டுகளாகச் செய்துவந்ததுபோலவே இங்கும் நாள்தோறும் சங்கீதங்களை வாசிக்கிறேன் என்று அங்கிருந்து பெற்றோருக்கு எழுதினார். 1945 ஏப்ரல் 9 அன்று அவரைத் தூக்கிலிட்டார்கள். சிறைக்குள் போன பிறகு தேடிப்பிடித்த ஒழுங்கல்ல அது. போகுமுன்பே அவருடைய நாவில் ஊறியிருந்தது. சோதனை வந்தபின் விசுவாசத்தைப் பலப்படுத்த நேரம் கிடைக்காது. ஒன்றும் நடக்காத சாதாரணக் காலைகளில்தான் அந்த வேலை நடக்கிறது.

பல காலைகள் வறட்சியாகவே போகும். தூக்கம் கண்ணை அழுத்தும், மனம் மின்கட்டணத்தில் இருக்கும், ஒரு வசனமும் உள்ளே இறங்காததுபோல் தோன்றும். அதற்காகக் கலங்க வேண்டாம். மாதந்தோறும் திரும்பி வருகிற வார்த்தைகள், மனப்பாடம் செய்ய உட்காராமலே உள்ளே தங்கிவிடுகின்றன. கண்பார்வை போன முதியவர்கள் எங்கள் சபையில் சங்கீதம் சங்கீதமாகச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அவர்களில் பலர் பள்ளிக்கூடம் போகாதவர்கள். அந்தியும் சந்தியும் கேட்டதே அவர்களுக்கு வேதபாடசாலை.

இதைத் தொடங்க நினைக்கிறவர்கள் அடுத்த மாதம் முதல் தேதிக்காகவோ லெந்து நாட்களுக்காகவோ காத்திருக்க வேண்டாம். ஒரு நாளுக்கு ஐந்து சங்கீதம் என்று கணக்கிட்டுக்கொண்டாலும் சரிதான், முப்பது நாளில் முடிந்துவிடும். இன்று என்ன தேதியோ அதற்குரிய பகுதியை இன்று மாலையே வீட்டாரைக் கூட்டி, வாய்விட்டு வாசியுங்கள்.