ஹெரால்டின் ரேடியேட்டரும் ஈயம் வைப்பவர்களும்

சென்னைக்குத் தெற்கே வண்டலூரில் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் 1961 முதல் ஏறக்குறைய பத்தாண்டுக் காலம் தயாரித்த ஹெரால்ட் கார், வீட்டு வாசலில் நிறுத்தி வேலை பார்க்க வசதியானது. பானெட்டும் இரண்டு முன் மட்கார்டுகளும் ஒரே துண்டாக முன்பக்கம் சாய்ந்து திறக்கின்றன. முன்சக்கரத்தின் மேல் உட்கார்ந்தபடியே 948 சி.சி. எஞ்சினைச் சுற்றிலும் கையால் எட்டலாம். தண்ணீரை வடித்து, மேல் ஹோஸ், கீழ் ஹோஸ் இரண்டின் கிளிப்புகளைத் தளர்த்தி, போல்ட்டுகளைக் கழற்றினால் ரேடியேட்டர் கையோடு வந்துவிடும். கியர்பாக்ஸைக்கூட வண்டிக்கு அடியில் படுத்துக் கழற்ற வேண்டியதில்லை. முன் சீட்டுகளையும் நடுவில் உள்ள மூடியையும் எடுத்துவிட்டால் காருக்குள்ளிருந்தே வெளியே தூக்கலாம். இவ்வளவையும் சொந்தக்காரரே செய்ய முடிவதால், பழைய காரை உயிரோடு வைத்திருப்பது அவருடைய ஆர்வமும் பொறுமையும்தான் என்ற எண்ணம் கார் பிரியர்களிடம் வேரூன்றியிருக்கிறது. சென்னையின் புதுப்பேட்டைப் பகுதியில் உள்ள ரேடியேட்டர் கடைகளையும் லேத் பட்டறைகளையும் பார்த்த பிறகு என்னால் அதை ஏற்க முடியவில்லை. வீட்டில் நடப்பது கழற்றுவதும் மாட்டுவதும். அந்த இரண்டுக்கும் நடுவே பாகத்துக்கு மறுபடி உயிர் வருவது இங்கேதான். இந்தக் கடைகள் மூடப்பட்டால், எவ்வளவு ஆசையாக வைத்திருந்தாலும் ஹெரால்ட் ஷெட்டில் நிற்கும் பொருளாகிவிடும்.

ரேடியேட்டர் கடையில் நடப்பதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். கொண்டுவந்த ரேடியேட்டரின் வாய்களை ரப்பர் அடைப்பால் மூடி, ஒன்றில் மட்டும் காற்றுக் குழாயைச் செருகித் தண்ணீர்த் தொட்டிக்குள் அமிழ்த்துகிறார்கள். எங்கே குமிழி கிளம்புகிறதோ அங்கே சாக்பீஸால் ஒரு கோடு. ஒழுகல் அநேகமாக டேங்கும் கோரும் (குழாய்களும் தகடுகளும் கொண்ட நடுப்பகுதி) சேரும் தையலில்தான் இருக்கும். பல ஆண்டு அதிர்வில் அந்த ஈயப்பற்று விட்டுப்போயிருக்கும். அடைப்பு வேறு வகை நோய். போர்வெல் தண்ணீரையே ஊற்றி ஓட்டிய வண்டிகளில் குழாய்களுக்குள் சுண்ணாம்புப் படிவு கட்டியிருக்கும். மேல் டேங்கை டார்ச்சால் சூடாக்கி ஈயத்தை இளக்கிப் பிரித்து, ஒவ்வொரு பித்தளைக் குழாயிலும் தட்டையான கம்பியை விட்டு மேலும் கீழும் இழுக்கிறார்கள். ஆரஞ்சு நிறக் குழம்பு வழிகிறது. அழுத்தம் கொஞ்சம் கூடினால் தாள் போல மெல்லிய குழாய்ச் சுவர் கிழிந்துவிடும். உள்ளே இருப்பது படிவா, குழாயின் நெளிவா என்பதைக் கம்பி பிடித்த விரல்தான் சொல்ல வேண்டும். பிறகு ஆசிட் தடவி, நவச்சாரக் கட்டியில் தேய்த்துச் சுத்தமாக்கிய சூட்டுக்கோலில் ஈயத்தை எடுத்து, டேங்கை மறுபடி தைக்கிறார்கள். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசிய கைத்தொழிலும் இதே நவச்சாரத்தையும் சூட்டையும் நம்பியிருந்ததுதான். கோர் முழுவதும் செத்திருந்தால், பழைய டேங்குகளையும் பக்கப் பட்டைகளையும் வைத்துக்கொண்டு நடுவில் புதிய கோரைப் பொருத்துகிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் அதே ஹெரால்ட் ரேடியேட்டர்தான்.

இவ்வளவு பாடு எதற்கு, அலுமினிய ரேடியேட்டர் ஒன்றை வாங்கி மாட்டினால் போதாதா என்று கேட்பவர்களின் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. செம்பு அலுமினியத்தைவிட ஒன்றரை மடங்குக்கும் மேலாக வெப்பத்தைக் கடத்தும் என்றாலும், பழைய ரேடியேட்டரில் தகடுதான் செம்பு. குழாய் பித்தளை, இரண்டையும் இணைப்பது ஈயம். அந்த இணைப்பில் வேகம் குறைகிறது. அகலமான குழாய்களோடு உலையில் வைத்து இணைக்கப்படும் அலுமினிய ரேடியேட்டர் குறைந்த எடையிலேயே அதற்கு ஈடுகொடுக்கிறது. இதை மறுக்கத் தேவையில்லை. ஆனால் அது பொருந்த வேண்டுமானால் காரின் தாங்கிகளை வெட்ட வேண்டியிருக்கலாம். பிளாஸ்டிக் டேங்க் வைத்து மடக்கிய வகையாக இருந்தால், பொத்தல் விழுந்த அன்று பிரித்துச் சரிசெய்ய வழியில்லாமல் பழைய இரும்புக் கடைக்குத்தான் போகும். கூலன்ட் ஊற்றாமல் வெறும் தண்ணீரில் ஓட்டும் பழக்கத்தை அலுமினியம் பித்தளை அளவுக்குப் பொறுக்கவும் பொறுக்காது. 2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த விதியையும் இங்கே நினைவில் கொள்ளலாம்: 50 ஆண்டு கடந்து, சேஸிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யப்படாத வண்டிகளை விண்டேஜ் என்று 20,000 ரூபாய் கட்டணத்தில் பதிவு செய்யலாம். விதி ரேடியேட்டரைப் பற்றிப் பேசவில்லை. இருந்தாலும் அசல் நிலைக்கு அரசே மதிப்புக் கொடுக்கும்போது, அந்த அசலைத் தாங்கி நிற்கும் கைத்தொழிலை யாரும் கணக்கில் எடுக்காதது எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது.

கியர்பாக்ஸ் பக்கம் வந்தால் வீட்டு வேலைக்கும் பட்டறை வேலைக்கும் உள்ள எல்லை இன்னும் தெளிவாகத் தெரியும். கிளட்ச் வழுக்குகிறது என்று கியர்பாக்ஸைக் கழற்றிப் பிளேட்டை மாற்றுவது சொந்தக்காரரால் ஆகிற காரியம். டம்மி ஷாஃப்ட்டைச் செருகிப் பிளேட்டை நடுவில் நிறுத்தி, பிரஷர் பிளேட்டின் போல்ட்டுகளை எதிரெதிராகச் சிறிது சிறிதாக இறுக்கினால், கியர்பாக்ஸ் தடங்கல் இல்லாமல் உள்ளே போகும். ஆனால் பிளேட்டில் எண்ணெய் படிந்திருந்தால் கதை வேறு. இந்த எஞ்சினில் கிராங்கின் பின்பக்கம் ரப்பர் சீல் கிடையாது. திருகுபோல வெட்டிய பள்ளம்தான் சுற்றும்போது எண்ணெயைத் திருப்பி உள்ளே தள்ளுகிறது. மெயின் பேரிங் தேய்ந்து அந்தப் பள்ளத்தைச் சுற்றியுள்ள இடைவெளி அகன்றுவிட்டால், புதிய பிளேட்டும் நாளடைவில் நனைந்துவிடும். இதைவிட மோசமானது திரஸ்ட் வாஷர். கிளட்ச் பெடலை மிதிக்கும்போதெல்லாம் கிராங்க் முன்னோக்கித் தள்ளப்படுகிறது. அதைத் தடுத்து நிறுத்துபவை பின் மெயின் பேரிங்கில் உள்ள அரைவட்டத் தகடுகள். அவை தேய்ந்து கீழே விழுந்துவிட்டால் கிராங்க் பிளாக்கையே அரைத்துவிடும். ஒருவர் பெடலை மிதிக்க, இன்னொருவர் முன்னால் நின்று கிராங்க் புல்லியைக் கவனித்தால் போதும்: கண்ணுக்குத் தெரியும்படி அது அசைந்தால் கிளட்சை விட்டுவிட்டு முதலில் எஞ்சினைப் பார்க்க வேண்டும். நல்ல மெக்கானிக் கியர்பாக்ஸைத் தொடும் முன்பே இந்தச் சோதனையைச் செய்கிறார். ஃபிளைவீலில் வெப்பத்தால் நீலம் பாய்ந்திருந்தால் லேத்துக்குப் போகிறது. கியர்பாக்ஸ் ஷாஃப்ட்டின் நுனியைத் தாங்கும் வெண்கல புஷ்ஷையும், அளவு சரியாகக் கிடைக்காவிட்டால் லேத்திலேயே கடைந்து தருகிறார்கள். வண்டலூர்த் தொழிற்சாலை எப்போதோ மூடிவிட்டது. ஹெரால்டின் உண்மையான உதிரிபாகக் கடை இன்று லேத்தான்.

பட்டறைக்காரர்கள் சொல்வதெல்லாம் சரியா என்ற கேள்வியும் உண்டு. சரியில்லை. “தெர்மோஸ்டாட் நம்ம ஊர் வெயிலுக்கு வேணாம் சார்” என்று கழற்றி எறியும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அது இல்லாத எஞ்சின் சூடேறவே நேரமாகிறது. எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரைக் கழுவி எண்ணெயில் கலக்கிறது, தேய்மானம் கூடுகிறது. கிடைத்த மூடியை மாட்டிவிடுவதும் அப்படித்தான். சதுர அங்குலத்துக்கு 7 பவுண்டு அழுத்தம் தாங்கும் மூடி தண்ணீரின் கொதிநிலையை ஏறத்தாழ 110 டிகிரிக்குக் கொண்டுபோகிறது. அதற்கென்று செய்த ரேடியேட்டரில் புதுக் காரின் 13 பவுண்டு மூடியை மாட்டினால், தைத்த தையலே பிரியும். வீட்டில் தானே கழற்றும் சொந்தக்காரரின் தேவை இங்கேதான் வருகிறது. பாகத்தைக் கையில் ஏந்திக் கடைக்குப் போகிறவர் மூடியில் உள்ள எண்ணைப் படித்திருப்பார், தெர்மோஸ்டாட்டை வெந்நீரில் போட்டு அது திறக்கிறதா என்று பார்த்திருப்பார். அவர் கேட்கும் கேள்விகளால் வேலை செம்மையாகிறதே தவிர, தொழிலாளியின் பிழைப்பு கெடுவதில்லை. கழற்றி மாட்டும் கூலி மிச்சமாகும்போது, அது நல்ல கோருக்கும் நேர்த்தியான ஈய வேலைக்கும் போகலாம்.

இந்தத் தொழில் நீடிக்க வேண்டும் என்று சொல்கிற எவரும் பதில் சொல்லியாக வேண்டிய ஒரு கேள்வி, அதைச் செய்பவரின் உடம்பைப் பற்றியது. ரேடியேட்டர் பழுதுபார்ப்பவர்கள் காரீய நஞ்சுக்கு ஆளாவது உலகம் முழுவதும் அறியப்பட்ட விஷயம். டார்ச் சூட்டில் எழும் புகையும் தேய்க்கும்போது பறக்கும் தூசும் மூச்சோடு உள்ளே போகின்றன. கைகழுவாமல் சாப்பிட்டால் வாய்வழியும் போகின்றன. சட்டையில் ஒட்டி வீட்டுக் குழந்தைகள்வரை சேர்கின்றன. கிளட்ச் பக்கமும் ஆபத்து உண்டு: பழைய பிளேட்டுகளின் உராய்வுப் பட்டையில் கல்நார் இருந்தது, கிளட்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங்கைக் காற்றடித்துச் சுத்தம் செய்யும்போது அந்தத் தூள் முகத்தில் வந்து படுகிறது. இதைக் காட்டி, இந்தத் தொழில் மறைவதே நல்லது என்கிறார்கள். ஆபத்து உண்மை, அந்த முடிவுதான் தவறு. காரீயம் கலக்காத, வெள்ளீயமும் செம்பும் சேர்ந்த பற்று சுமார் 227 டிகிரியில் உருகுகிறது. 183 டிகிரியிலேயே உருகத் தொடங்கும் பழைய ஈயத்தைவிட அதற்குச் சூடு அதிகம் வேண்டும், கை பழக நாளாகும், வெள்ளீயத்தின் விலையும் அதிகம். புகையை உறிஞ்சி வெளியேற்றும் விசிறி, கூடத்தைக் கூட்டுவதற்குப் பதில் ஈரத்துணியால் துடைப்பது, வேலைச் சட்டையைக் கடையிலேயே கழற்றி வைப்பது, காற்றடிப்பதற்குப் பதில் பெல் ஹவுசிங்கை நனைத்துத் துடைப்பது ஆகியவற்றில் விசிறி தவிர எதற்கும் பெரிய செலவில்லை. ரேடியேட்டரைக் கொடுக்கும்போதே காரீயமில்லாத பற்றைக் கேட்டு, அதற்கு ஆகும் கூடுதல் பணத்தைப் பேரம் பேசாமல் தரக்கூடியவர்கள் இந்தக் கார்களின் சொந்தக்காரர்கள்தான். கடைக்காரர் தானாக அதை வாங்கிவைக்க மாட்டார். கேட்டு வரும் ஆள் இல்லாதவரை அவருக்கு அது கட்டுபடியாகாது.