பழைய ஜீப்பும் கிணற்று நீரும்

இயந்திரத்தின் நலம் பற்றித் தமிழாசிரியர் எழுதப் புகுதல் பொருந்துமோ என இவ்விழா மலரைப் புரட்டும் அன்பர் சிலர் ஐயுறல் கூடும். இலக்கியக் கட்டுரையே எம்மிடம் வழமையாக எதிர்பார்க்கப்படுவது. ஆயினும், 2020 ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 ஆம் ஆண்டிலேதான் மீண்டும் தொடங்கிற்று. இடைப்பட்ட காலத்தில் பழைய வண்டியைப் பேணுதல் எம்மனோர் பலருக்கு ஒரு கல்வியாகவே ஆயிற்று. கற்றதைப் பகிர்தல் ஆசிரியர் தொழிலாதலின் இதனை எழுதத் துணிந்தோம்.

2021 ஆம் ஆண்டில் எம் தமையனாரும் யாமும் கூடி, இருபத்தைந்து வயது கடந்த டீசல் ஜீப்பு ஒன்றை வாங்கினோம். பகட்டுக்காக வாங்கியதன்று. எம் தாயாரைத் திங்கள்தோறும் வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்ல வேண்டியிருந்தது. முழங்கால் மடக்க இயலாத அவருக்கு முச்சக்கர வண்டிப் பயணம் பெருந்துன்பம். ஜீப்பிலோ, ஒரு முக்காலியை வைத்து ஏற்றிவிட்டால், முன்னிருக்கையிற் காலை நீட்டி அமர்வார். இரு குடும்பத்தின் சேமிப்பும் அதிற் போயிற்று. இயந்திரம் கெட்டுப்போயின் வேறொன்று வாங்க வழியில்லை என்பதை முதல் நாளே உணர்ந்திருந்தோம்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் மலையில்லை. சமநிலத்திற் பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றர் ஓடித் திரும்பும் வண்டி தன் நோயை மறைத்துக்கொள்ளும். 2023 ஆம் ஆண்டு உறவினர் திருமணம் ஒன்றின் பொருட்டு ஏ-9 வீதி வழியே கண்டிக்குச் சென்றபோதே எம் வண்டியின் நோய் வெளிப்பட்டது. மாத்தளை வரை வெப்பமானியின் முள் நடுவிலே நின்றது. பலகடுவ ஏற்றம் தொடங்கியதும் மெல்ல மெல்ல மேலேறிற்று. “தம்பி, முள்ளைப் பார்” என்றார் தமையனார். உடனே குளிரூட்டியை அணைத்து, வண்டியை ஓரங்கட்டினார். அருகிருந்த கடைக்காரர் வாளி நிறைய நீருடன் ஓடி வந்து, மூடியைத் திறக்குமாறு அன்புடன் வற்புறுத்தினார். “நன்றி ஐயா, முதலில் ஆறட்டும்” என்று கூறி முக்கால் மணி நேரம் காத்திருந்தோம்.

அக்காத்திருத்தலின் காரணத்தை மாணவரும் அறிதல் நன்று. இறுக மூடிய தொகுதியில் அமுக்கம் கூடக் கொதிநிலையும் கூடும். திறந்த பாத்திரத்தில் 100 பாகை செல்சியசிற் கொதிக்கும் நீர், 0.9 பார் மேலதிக அமுக்கத்தைத் தாங்கும் மூடியின் கீழ் ஏறத்தாழ 118 பாகை வரை கொதியாது. மூடியைத் திறந்தவுடன் அமுக்கம் நீங்கி, அந்நீர் ஆவியாய்ச் சீறித் திறந்தவர் முகத்தை வேகச் செய்யும். காய்ந்த உலோகத்தின் மீது தண்ணீர் படின் வெடிப்பும் உண்டாகலாம். இத்தகைய இயந்திரங்களில் அடிப்பாகம் இரும்பு, தலைப்பாகம் அலுமினியம். ஒரே வெப்பத்தில் அலுமினியம் இரும்பிலும் ஏறத்தாழ இருமடங்கு விரியுமாதலின், அளவு மீறிய சூடு தலைப்பாகத்தைக் கோணச் செய்யும். இடையிலுள்ள கஸ்கற்றும் கெடும். அச்செலவு எம் இரு குடும்பத்துக்கும் தாங்கொணாதது.

ஊர் திரும்பியதும் ஒரு கராச்சுக்குச் சென்றோம். “மாஸ்ரர், எங்கட வெயிலுக்குத் தேர்மோஸ்ரற் தேவையில்லை, கழட்டி எறிஞ்சால் சரி” என்றார் ஆங்கிருந்த இளைஞர். எம் நாட்டிற் பரவலாக நிலவும் கருத்து இது. தேர்மோஸ்ரற் என்பது மெழுகின் விரிவினால் இயங்கும் சிறு வாயில். இயந்திரம் சூடேறும் வரை நீரை உள்ளேயே சுழல விட்டு, ஏறத்தாழ 82 பாகையில் திறந்து றேடியேற்றருக்கு அனுப்பும். அதனை அகற்றின் இயந்திரம் உரிய சூட்டை அடையக் காலஞ் செல்லும். தேய்மானமும் எரிபொருட் செலவும் கூடும். அன்றியும், பல இயந்திரங்களில் அவ்வாயில் திறக்கும்போதே உட்சுழற்சிப் பாதையை அடைப்பதும் அதுவே. அதனை எறிந்துவிட்டால், சூடான நீரின் ஒரு பகுதி றேடியேற்றரை அணுகாமலே திரும்பும். ஏற்றத்தில் முன்னிலும் மிகச் சூடேறும். நோயின் காரணத்தை முதலிற் காணுமாறு வள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில் வைத்தியனுக்குக் கூறியது இயந்திர வைத்தியனுக்கும் ஏற்றதன்றோ?

பின்னர் முதியவர் ஒருவரிடம் சென்றோம். அவர் றேடியேற்றரைக் கழற்றி, பித்தளைத் தொட்டியின் பற்றாசை நீக்கித் திறந்து காட்டினார். குழாய்களின் வாயெல்லாம் வெண்படிவு. “மாஸ்ரர், இது எங்கட கிணத்துத் தண்ணி செய்த வேலை” என்றார். முன்னைய உடைமையாளர் ஆண்டுக்கணக்காகக் கிணற்று நீரையே நிரப்பி வந்திருந்தார். சுண்ணக்கல்லில் ஊறும் எம் மண்ணின் நீர் வன்னீர். அதிற் கரைந்துள்ள கல்சியம் இருகாபனேற்று, சூடேறுங்கால் கல்சியம் காபனேற்றாகப் படியும். எம் வீட்டுக் கேத்தலின் அடியிற் காணும் வெள்ளையும் அதுவே. அப்படிவு பித்தளையிலும் பன்மடங்கு குறைவாகவே வெப்பங் கடத்தும். எம் பயிரை வளர்க்கும் நீரே எம் வண்டியின் மூச்சை அடைத்துவிட்டது.

முதியவர் குழாய்தோறும் மெல்லிய கம்பியைச் செலுத்திப் படிவை அகற்றி, தொட்டியை மீண்டும் பற்றவைத்தார். இறப்பர்க் குழாய்கள், பெல்ற், மூடி, தேர்மோஸ்ரற் ஆகியவற்றைப் புதிதாக்கினோம். புதிய தேர்மோஸ்ரற்றைப் பொருத்துமுன் வீட்டு அடுப்பில், நீர் நிறைந்த சட்டியில் நூலிற் கட்டித் தொங்கவிட்டு வெப்பமானியாற் சோதித்தோம். 82 பாகையை அண்மியதும் அது வாய் திறக்கக் கண்டு எம் பிள்ளைகள் ஆரவாரித்தனர். தாயாரும் கதிரையில் இருந்தபடியே எட்டிப் பார்த்தார்.

அன்று தொட்டு எமது ஒழுங்கு இது. வாரந்தோறும் காலையில், இயந்திரம் குளிர்ந்திருக்கையில், நீர்மட்டம் பார்ப்போம். நிரப்புவது வடித்த நீரும் கூலன்றும் சமபங்காகச் சேர்ந்த கலவை. பனியில்லா நாட்டிற்குக் கூலன்ற் எதற்கு என்பார் உளர். அது உறைதலைத் தடுப்பதோடு கொதிநிலையை உயர்த்தும். உலோக அரிப்பையும் தடுக்கும். அத்தடுப்பாற்றல் காலத்தாற் குன்றுமாதலின், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை முழுவதும் மாற்றுவோம். இறப்பர்க் குழாய்களை அமுக்கி, ஊதலோ வெடிப்போ உண்டா எனத் தடவிப் பார்ப்போம். றேடியேற்றரின் தகடுகளிற் சிக்கிய பூச்சியையும் புழுதியையும் மெல்லிய நீர்த்தாரையால் இயந்திரப் பக்கத்திலிருந்து வெளிநோக்கிக் கழுவுவோம். மூடியின் இறப்பர் வளையத்தையும் விசிறியின் பிடிப்பையும் நோக்குவோம். நீர்மட்டம் காரணமின்றிக் குறைந்து வரின், கசிவு எங்கே என்று காணாமல் மேலும் மேலும் நிரப்பிக்கொண்டிரோம்.

இன்னுமொன்று. கூலன்றில் உள்ள எதிலீன் கிளைக்கோல் நஞ்சு, சுவையோ இனிப்பு. பிள்ளைகளும் நாயும் பூனையும் நாடா வண்ணம் வைத்தல் வேண்டும். வடித்தெடுத்த பழைய கூலன்றை நிலத்தில் ஊற்றலாகாது. எம் சுண்ணக்கல் நிலம் வெடிப்பும் துளையும் உடையது. இன்று மண்ணில் ஊற்றுவது விரைவிலே அயலவர் கிணற்றைச் சேரும். யாம் அதனைக் கலனில் அடைத்துக் கராச்சிலேயே ஒப்படைக்கிறோம்.

இத்தனையும் செய்ய வாரத்திற் கால் மணி நேரம் போதும். வண்டி இன்றும் தவறாது திங்கள்தோறும் எம் தாயாரை வைத்தியசாலைக்குக் கொண்டு செல்கின்றது. நன்கு ஓடும் இயந்திரத்தின் ஓசையை எவரும் கவனியார்; அதனைப் பேணிய கையையும் நினையார். பல்லாண்டு நிலைபெற்று விழாக்காணும் எம் கல்லூரியும் அத்தகையதே. மேடையில் நின்றோர் சிலர். கிணறு இறைத்தும், கூரை வேய்ந்தும், மணியடித்தும் நாள்தோறும் அதனைப் பேணியோர் பலர். அவர்களையும் இவ்விழா நாளில் நினைந்து வணங்குவோமாக. கல்லூரி நீடு வாழ்க!