பட்டத்திற்குப் பின்னும் படிப்பு

தமிழ் பயிற்றும் எமக்குச் சட்டத்தோடு யாது தொடர்பு என வினவுவோர் இருக்கலாம். ஏமாற்றுக்காரனை ‘ஃபோர்ட்வென்ட்டி’ என ஏசும் பேச்சுவழக்கு, 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 420ஆம் பிரிவு நம் மொழிக்கு ஈந்த கொடையன்றோ! 2024 ஜூலை முதல் நாளன்று நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அக்குற்றம் 318ஆம் பிரிவுக்குள் அடங்கிவிட்டது. மக்கள் தம் வசையை மாற்றப் போவதில்லை. வழக்கறிஞர்க்கோ அச்சலுகை கிடையாது.

எம் தாய்மாமன் மகனார் இருபதாண்டுகளுக்கும் மேலாகக் குற்றவியல் வழக்குகள் நடத்திவருபவர். அவர்தம் மேசைக் கண்ணாடியின் கீழே பழைய எண்களும் புதிய எண்களும் எழுதிய தாளொன்று கிடக்கிறது. கொலை என்றாலே அவர் நா 302 என்கிறது. இன்று அது 103. புதிய சட்டத்தின் 302 பிறர் சமய உணர்வைப் புண்படுத்தும் சொற்களுக்கு உரியது. “பழையதை மறக்கவும் வழியில்லை, மச்சான்” என்றார். அந்நாளுக்கு முன் நிகழ்ந்த குற்றங்களுக்குத் தண்டனை பழைய சட்டத்தின்படியே அல்லவா?

எண்களையேனும் மனனம் செய்துவிடலாம். கைப்பேசி உரையாடலைச் சான்றாகக் காட்டுவதைப் பாருங்கள். முன்னர் 65பி பிரிவின்கீழ் ஒரு சான்றிதழ் போதும். பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63ஆம் பிரிவோ இரு பகுதிகள் கொண்ட சான்றிதழைக் கோருகிறது. ஒன்றில் ஆவணம் தருபவரும் மற்றொன்றில் வல்லுநரும் ஒப்பமிட வேண்டும். ‘ஹாஷ்’ எனப்படும் அடையாள எண்ணும் அதில் இடம்பெற வேண்டும். இதனை அறியாத வழக்கறிஞர் முதற்பகுதியோடு நின்றுவிட்டால், எதிர்த்தரப்பு எழுந்து மறுக்கும். அங்கே இழப்பு கட்சிக்காரருடையது.

நியூயார்க் மாநிலத்தில் அனுபவமிக்க வழக்கறிஞரும் இரண்டாண்டிற்கு 24 மணி நேரம் பயின்றாக வேண்டும். நம் நாட்டில் 2010இல் விதிக்கப்பெற்ற அகில இந்திய வழக்கறிஞர் தேர்வை ஒருமுறை வென்றால் போதும். அதன்பின் பயில்வதும் பயிலாதிருப்பதும் அவரவர் மனச்சான்றின்பாற்பட்டவை. நாள்தோறும் நீதிமன்றத்தில் பெறும் பட்டறிவே கல்வி என்பார் உளர். பழகிய பாதைக்கு அது போதும். பாதையே மாறும்போது போதாது.

கட்டாயமாக்கினால் கையொப்பமிட்டுக் கலையும் கூட்டங்களே பெருகும் என அஞ்சுகிறார் மைத்துனர். வருகைப் பதிவேட்டை நாளும் ஏந்தும் எமக்கு அவ்வச்சம் நன்கு விளங்குகிறது. எனினும், நகையை அடகு வைத்துக் கட்டணம் செலுத்தும் எளியவர், தம் வழக்கறிஞர் எந்த ஆண்டோடு படிப்பை நிறுத்தியவர் என எங்ஙனம் அறிவார்? ஆண்டிற்குப் பத்து மணி நேரமேனும் விதிக்கலாம் என்றே யாம் அவரிடம் வாதிட்டு வருகிறோம்.