"புண் ஆறிடுச்சா டீச்சர்?"

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள்.

போனில் பேசும் எல்லோரும் முதலில் கேட்பது இந்தத் தலைப்பைத்தான். அக்கறையில் கேட்கிறீர்கள், தெரியும். ஆனால் மூன்று வருஷமாக "இன்னும் இல்லப்பா" என்று ஒரே பதிலைச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.

இடது கணுக்காலுக்கு மேலே, உள்பக்கம். சர்க்கரைப் புண் இல்லை, வெரிகோஸ் புண். காலிலிருந்து ரத்தத்தை மேலே கொண்டுபோகும் சிரைகளுக்குள் சின்னச் சின்ன வால்வுகள் உண்டு. அவை பழுதானால் ரத்தம் கீழேயே தேங்கும், தோல் கறுக்கும். அப்புறம் கொசு கடித்துச் சொறிந்த இடம்கூட ஆறாமல் குழியாகிவிடும். நின்றே வேலை பார்ப்பவர்களுக்கு இது வர வாய்ப்பு அதிகம். நான் 34 வருஷம் கரும்பலகை முன் நின்றவள். (நாற்காலி இருந்தது. உங்களை வைத்துக்கொண்டு உட்கார முடியுமா?)

வாராவாரம் கட்டு மாற்றும்போது நர்ஸ் அளவெடுப்பார். நீளம் 4 செ.மீ., அடுத்த மாதம் மூன்றரை. "நல்ல முன்னேற்றம் டீச்சரம்மா" என்பார். அதே வாரத்தில் நான்கு ராத்திரி நான் தூங்கியிருக்க மாட்டேன்.

இரண்டு மாதம் முன்பு, புதிதாக வந்த ஒரு டாக்டர் பொண்ணு ஒரு தாளை நீட்டியது. 'வூண்ட் கியூஓஎல்' என்று பெயராம், ஜெர்மனியில் உருவாக்கியது. 17 கேள்விகள். கடந்த 7 நாட்களை மட்டும் நினைத்துப் பதில் சொல்ல வேண்டும். வலித்ததா, வாடை அடித்ததா, தூக்கம் கெட்டதா, எங்காவது இடித்துவிடுமோ என்று பயமா, படி ஏறச் சிரமமா, அடுத்தவர் உதவியை நம்பி இருக்க வேண்டியிருக்கிறதா, செலவு பாரமா... இப்படி. "இல்லவே இல்லை" தொடங்கி "மிக அதிகம்" வரை ஐந்து படி.

வாடை என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. மூன்று வருஷத்தில் அதை யாரும் என்னிடம் கேட்டதில்லை. பெற்ற மகளிடம்கூட நான் சொன்னதில்லை. மத்தியானத்துக்குள் நீர் கசிந்து கட்டு ஊறிவிடும். கட்டைப் புடவைக் கரையால் மறைக்கலாம், வாடையை எதை வைத்து மறைப்பது? உங்களில் சிலர் வீட்டுக் கல்யாணத்துக்கு நான் வராமல் போனது இதனால்தான். கோபமாக இருக்கும் என் நாத்தனாருக்கும் இதுவே பதில்.

ஆசிரியர் பயிற்சியில் 'மதிப்பீடு' என்று ஒரு பாடம் படித்தோம். கையெழுத்தை மட்டும் பார்த்துக் கணக்குக்கு மார்க் போட்ட மாதிரி இருந்தது இத்தனை நாள் அந்த அளவெடுப்பு.

அந்தப் பொண்ணு தாளைப் பார்த்துவிட்டு, வாடையை இழுக்கும் கரி சேர்த்த டிரெஸ்ஸிங் எழுதியது. ராத்திரி வலிக்கு மாத்திரை மாற்றியது. கையிலும் கணுக்காலிலும் பிரஷரை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, அடுக்கடுக்காக அழுத்திச் சுற்றும் கட்டுப் போட்டது. தமனியில் அடைப்பு இருந்தால் இறுக்கிக் கட்டுவதே ஆபத்தாம். அதனால் தயவுசெய்து யாரும் இதைப் படித்துவிட்டு வீட்டிலேயே கிரேப் பேண்டேஜ் வாங்கிச் சுற்ற வேண்டாம்.

புண் இன்னும் 3 செ.மீ. இருக்கிறது. போன வாரம் ஐந்து ராத்திரி தூங்கினேன்.

வைகாசியில் மகளுக்குக் கல்யாணம் வைத்திருக்கும் 1994 பேட்ச் மாணவிக்கு: கட்டாயம் வருகிறேன்மா. முகூர்த்தத்துக்கும் இருப்பேன், பந்திக்கும் இருப்பேன். கால் நீட்டி வைக்க ஒரு ஸ்டூல் மட்டும் போட்டு வை.