சிலேட்டில் எழுதிய கணக்கு

ஒயினைப் பற்றி எழுத எனக்கு எந்தத் தகுதியும் கிடையாது. படித்தது பி.காம். டெபிட் எந்தப் பக்கம், கிரெடிட் எந்தப் பக்கம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். கண்ணாடிக் கோப்பையைச் சுழற்றி, மூக்கை உள்ளே விட்டு, 'ஆஹா... மழை பெய்த காடு' என்று கண்ணை மூடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வரும். ஆனாலும் இந்த வாரம் ஒரு ஒயின் சமாசாரம்தான். காரணம், அதற்குள் ஒரு கணக்கு இருக்கிறது. இன்றுவரை எனக்கு டேலி ஆகாத கணக்கு.

2023 அக்டோபர். வேலையாக பார்சிலோனா போயிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை சும்மா இருந்த என்னிடம், அங்கே ஒரு நாளிதழில் வேலை பார்க்கும் நண்பர், "சர்ச், கடற்கரையெல்லாம் எல்லாரும் பார்க்கிறதுதான். எங்க தாத்தா ஊருக்கு வர்றீங்களா?" என்றார். கிளம்பிவிட்டோம்.

தென்மேற்கே காரில் இரண்டு மணி நேரம். கடலோரச் சமவெளி முடிந்து சாலை மலைக்குள் நுழைந்ததும் வளைவு, வளைவு, மேலும் வளைவு. சாப்பிட்ட காலை டிபன் தொண்டைவரை வந்து எட்டிப் பார்த்தது. ஒரு திருப்பத்தில் வண்டியை நிறுத்தி, "இதுதான் ப்ரியோராட்" என்றார்.

எனக்கு முதலில் தோன்றியது, 'இங்கே எப்படிய்யா விவசாயம் பண்றாங்க?' என்பதுதான். நிற்கவே முடியாத சரிவு. மண் என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. உடைந்த கருப்புக் கல்தான். குனிந்து ஒரு துண்டை எடுத்தேன். தகடு தகடாக உரிந்தது. வெயிலில் செம்பு மாதிரி ஒரு மினுக்கல். அட, சிலேட்டு! ஒன்றாம் வகுப்பில் 'அ, ஆ' எழுதினோமே, அதே ஜாதிக் கல். அந்த ஊர்க்காரர்கள் இதை 'லிகோரெயா' என்கிறார்கள்.

இந்தக் கல்லில்தான் கொடி நடுகிறார்கள். மழைத் தண்ணீர் மேலே தங்காது. கல்லின் இடுக்கு வழியாகக் கீழே இறங்கிவிடும். கொடிக்கு வேறு வழியில்லை. வேரும் அதே இடுக்குகளில் தண்ணீரைத் தேடிப் பல மீட்டர் ஆழத்துக்குப் போகிறது. இத்தனை பாடுபட்டு அது காய்ப்பது கொஞ்சமே கொஞ்சம். சரிவில் நிற்கும் கிழட்டுக் கொடிகளில் ஒரு கிலோ பழம் தேறுவதே கஷ்டம். ஒரு பாட்டில் ஒயினுக்கு ஒரு கிலோவுக்கு மேல் வேண்டும். ஆக, ஒரு கொடியின் ஒரு வருஷ உழைப்பு ஒரு பாட்டிலுக்குக்கூடக் காணாது! டிராக்டர் ஏற முடியாத இடங்களில் இன்னமும் கோவேறு கழுதை கட்டி உழுகிறார்கள். காஸ்ட் அக்கவுண்டிங் படித்த எவனும் இந்தத் தொழிலுக்குக் கடன் கொடுக்கமாட்டான்.

இதை ஆரம்பித்து வைத்தவர்கள் வியாபாரிகள் இல்லை, சாமியார்கள். பிரான்ஸின் தெற்கிலிருந்து வந்த கார்த்தூசிய மடத்துத் துறவிகள், 1194-ல் மான்ட்சான்ட் மலையடிவாரத்தில் ஒரு மடம் கட்டினார்கள். அந்த இடத்தில் தேவதைகள் ஏணி வைத்து வானத்துக்கு ஏறியதை ஆடு மேய்க்கிற ஒருவன் பார்த்தான் என்று கதை. அதனால் மடத்துக்குப் பெயர் 'ஸ்காலா தேயி' - கடவுளின் ஏணி. மடத்தின் தலைவர் 'பிரியர்'. அவர் ஆண்ட பூமி ப்ரியோராட். அதிகம் பேசாத அந்தத் துறவிகள்தான் ஒயின் தயாரிக்கும் வித்தையை அந்த மலைகளில் வேரூன்ற வைத்தார்கள். 1835-ல் ஸ்பெயின் அரசாங்கம் மடங்களின் சொத்துக்களைப் பறிமுதல் செய்தபோது அவர்கள் வெளியேறினார்கள். மடம் சூறையாடப்பட்டது. இன்று இடிபாடுதான் நிற்கிறது.

அடுத்த அடி, அந்த நூற்றாண்டின் கடைசியில். ஃபிலாக்செரா என்ற அசுவினி ஜாதிப் பூச்சி. கண்ணுக்குச் சரியாகத் தெரியாத சைஸ். வேரின் சாற்றை உறிஞ்சியே ஐரோப்பாவின் திராட்சைத் தோட்டங்களைக் காலி செய்த ராட்சசன். பூச்சியைத் தாங்கும் அமெரிக்க வேர்க்கொடியில் ஒட்டுப் போட்டுத்தான் ஐரோப்பா பிழைத்தது. ப்ரியோராட் முழுதாகப் பிழைக்கவில்லை. ஜனங்கள் ரெயூஸ், பார்சிலோனா என்று ஆலை வேலைக்கு இறங்கிப் போனார்கள். மிச்சமிருந்தவர்கள் பழத்தைக் கூட்டுறவு ஆலையில் போட்டார்கள். அங்கே தயாரான முரட்டு ஒயின், பெயர்கூட இல்லாமல் மொத்தமாக விலை போனது. வேறு ஊர்களின் வெளிறிய ஒயினுக்குக் காரம் ஏற்ற!

நண்பர் எதிர்ச் சரிவைக் காட்டினார். "அதோ, பாதி மலையில அந்தக் கொடிகள். எங்க தாத்தா நட்டது. எழுபதுகள்ல வித்துட்டார்."

"என்ன விலைக்கு?"

"ஒரு செகண்ட் ஹேண்ட் கார் வாங்குற காசுக்கு."

விற்ற காரணம் சாதாரணமானது. ஒரே மகன் ரெயூஸில் தொழிற்சாலை வேலைக்குப் போய்விட்டான். தாத்தாவுக்கு முழங்கால் போய்விட்டது. அந்தச் சரிவில் ஏற முழங்கால்தானே முதலீடு?

பிறகு வந்தது 1989. வெளியூர்க்காரர்கள் பெரும்பாலும். ரெனே பார்பியே, ஆல்வரோ பலாசியோஸ், டாஃப்னி க்ளோரியான், ஜோசப் லூயிஸ் பெரெஸ், கார்லெஸ் பாஸ்ட்ரானா. இதில் பலாசியோஸ், ரியோஹாவின் ஒயின் குடும்பத்துப் பையன். பெரெஸ், பக்கத்து ஃபால்செட் ஊரில் ஒயின் பள்ளி வாத்தியார். பாஸ்ட்ரானா பத்திரிகைக்காரர். நம்ம ஆள்! ஆளுக்கொரு பண்ணைக் கட்டடம் கட்டக் காசில்லை. எனவே கிராட்டயோப்ஸ் என்ற குட்டிக் கிராமத்தில், எல்லாருடைய பழத்தையும் ஒன்றாகப் போட்டு, ஒரே ஒயின் தயாரித்து, ஐந்து லேபிள் ஒட்டி விற்றார்கள். விலை? எக்கச்சக்கம். உலகம் கொடுத்து வாங்கியது.

1993-ல் பலாசியோஸ் ஒரு பழைய கர்னாச்சா தோட்டத்துப் பழத்தில் 'லெர்மிட்டா'வைக் கொண்டுவந்தார். இன்று ஒரு பாட்டில் ஆயிரம் யூரோவைத் தாண்டுகிறது. ஸ்பெயினின் மிக உயர்ந்த ஒயின் தகுதி 1991-ல் ரியோஹாவுக்குக் கிடைத்தது. கடலோனிய அரசு 2000-லும், ஸ்பெயின் அரசு 2009-லும் அதை ப்ரியோராட்டுக்கும் கொடுத்தன. இந்த இரண்டைத் தவிர வேறு எந்தப் பகுதிக்கும் அது இல்லை.

மதியம் ஒரு கிராமத்து உணவகத்தில், "வந்ததுக்கு ஒரு வாய்" என்று ஊற்றினார்கள். கிட்டத்தட்ட கருப்பு. முதல் வாயில் எனக்குத் தெரிந்தது சூடுதான். சட்டப்படியே இதில் 13.5 சதவிகிதத்துக்குக் குறையாமல் ஆல்கஹால் இருக்க வேண்டும். 15-ஐத் தொடுவது சகஜமாம். அடுத்து நாக்கு இழுத்துக்கொண்டது. கொட்டையோடு நாவல்பழம் தின்றுவிட்டு நாக்கை நீட்டிப் பார்ப்போமே, அந்தத் துவர்ப்பு. கடைசியில் அதிமதுரம் மென்ற மாதிரி ஒரு இனிப்பு. விழுங்கிய பிறகு வாயில், நனைந்த சிலேட்டின் வாசனை. சின்ன வயசில் எச்சில் தொட்டுச் சிலேட்டை அழித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மூக்கை விட்டுக் கண்ணை மூடுகிறவர்களைப் பார்த்து இனிமேல் சிரிக்கமாட்டேன், சத்தியம்.

"உங்க தாத்தா தோட்டத்துப் பழம் இப்ப எங்க போகுது?" என்றேன்.

ஒரு பாட்டிலின் பெயரைச் சொன்னார். விலையையும் சொன்னார். வழக்கமான வியாதி, ரூபாயில் பெருக்கினேன். வேண்டாத வேலை.

"எங்க அப்பா அதைத் தொடமாட்டார். ஊருக்கே வரமாட்டார். தான் ஆலைக்குப் போனதாலதான் தாத்தா வித்தார்னு இன்னிக்கும் நினைப்பு. எழுதினா ஒண்ணு மட்டும் எழுதாதீங்க, தாத்தா ஏமாந்துட்டார்னு."

திரும்பும் வழியெல்லாம் அந்தக் கணக்கைப் போட்டேன். எழுபதுகளில் அந்தச் சரிவின் வரவு செலவை என்னிடம் கொடுத்திருந்தால், நானும் 'வித்துடுங்க பெரியவரே' என்றுதான் எழுதிக் கையெழுத்துப் போட்டிருப்பேன். வருமானம் சொற்பம், கூலி அதிகம், வாரிசு இல்லை. தாத்தாவின் கணக்கில் பிழையே கிடையாது.

கல்லூரியில் எங்களுக்கு ஒரு பாடம் நடத்தினார்கள். குட்வில். ஒரு தொழிலை விலை கொடுத்து வாங்குகிறவன், அதன் நல்ல பெயருக்குக் கூடுதலாகக் கொடுத்த தொகையைத் தன் புத்தகத்தில் சொத்தாகக் காட்டலாம். அதே நல்ல பெயரை உழைத்து உண்டாக்கியவன், தன் புத்தகத்தில் அதற்கு ஒரு பைசாகூட எழுதக் கூடாது. பரீட்சையில் இரண்டு மார்க்குக்கு எழுதிவிட்டு மறந்துபோன விதி. துறவிகளும் தாத்தாக்களும் எண்ணூறு வருஷமாக அந்தக் கல்லில் சேர்த்து வைத்தது எந்தப் புத்தகத்திலும் ஏறாமல் கிடந்திருக்கிறது. அந்த ஐவர் செய்தது, அதற்கு ஒரு தொகை போட்டது. அவர்களையும் நான் குறை சொல்லமாட்டேன். அவர்கள் வராமல் இருந்திருந்தால் தாத்தாவின் கொடிகள் புதர் மண்டிப் போயிருக்கும்.

இன்னொரு வரியும் சேர்க்க வேண்டும். 2021-ல் ஆரம்பித்த வறட்சி 2024 வரை கடலோனியாவை வாட்டியது. நாங்கள் போனபோதே சியுரானா அணையின் அடி தெரிந்தது. ஆழத்துக்கு வேர்விட்ட கிழட்டுக் கொடிகளில்கூடச் சில காய்ந்து நின்றன. ஆயிரம் யூரோ பாட்டிலும் மழையைக் கேட்டுத்தான் நிற்கிறது.

அந்தச் சிலேட்டுத் துண்டு என் மேஜையில் இருக்கிறது. நண்பருக்கு இரண்டு துண்டு எடுத்துக் கொடுத்தேன்.

"அப்பாவுக்கு" என்றேன்.

"வாங்கிக்க மாட்டார்" என்றார். ஆனால், கீழே போடவில்லை. சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.